மக்கள் திரும்பி வரும் பகுதியில் குழாய்களையும் பள்ளிக் கட்டடங்களையும் அகற்றுவதை நிறுத்திவைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற குடிநீர்ப் பராமரிப்புப் பொறியாளர்

பெறுநர்:
உயர்திரு செயலர் அவர்கள்,
நகர்ப்புறத் திட்டமிடல் துறை

பொருள்: நகர மையத்தில் மெயின் குழாய்களைத் துண்டிப்பதையும் மூடிய பள்ளிக் கட்டடங்களை ஏலம் விடுவதையும் மறுகணக்கெடுப்பு முடியும்வரை நிறுத்திவைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஊர் காலியாகிக்கொண்டிருந்த காலம் முழுக்கக் குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்தவன் நான். ஆட்கள் வெளியேறுவது எங்களுக்குத் தண்ணீரில்தான் முதலில் தெரியும். பத்தாயிரம் வீடுகளுக்கென்று போட்ட மெயினில் நாலாயிரம் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் போனால், அன்றைக்கே தீர வேண்டிய தண்ணீர் நாள்கணக்கில் குழாயிலேயே கிடக்கும். குளோரின் வீரியம் இறங்கிவிடும், துருநிறம் ஏறும். தெருவோரம் இருக்கும் ஹைட்ரண்ட் என்ற திறப்புக் குழாயைத் திறந்து, சுத்திகரித்த நல்ல தண்ணீரைத் தெருவில் விட்டுத்தான் குழாயைக் கழுவ வேண்டும். விளக்கெரியாத வீடுகளுக்கு நடுவே அரைமணி நேரம் அந்தத் தண்ணீர் வீணாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு மாதிரியான வேலை. கழிவுநீர்க் குழாயில் இன்னும் மோசம்: தள்ளிக்கொண்டு போகத் தண்ணீர் போதாமல் கசடு அடியிலேயே தங்கி நாறும்.

அதனால்தான் குழாய்களைச் சுருக்கும் திட்டம் வந்தபோது நானும் ஆதரித்துக் குறிப்பு எழுதினேன். அன்றைய நிலைமைக்கு அது சரி. இன்றைக்கு அந்தக் குறிப்பை நானே திரும்பப் பெறுகிறேன்.

காரணம், என் பணியின் கடைசி மூன்று ஆண்டுகளில் மையப்பகுதி பம்ப் ஹவுஸின் லாக் புக்கில் நான் பார்த்தது. நள்ளிரவுக்கு மேல் ஓடும் தண்ணீர் பெரும்பாலும் கசிவுதான். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் காலையில் ஏறும் அளவு ஆண்டுக்கு ஆண்டு கூடியது. முன்பெல்லாம் ஏழரைக்கே அடங்கிவிடும் ஓட்டம், ஒன்பதைத் தாண்டியும் நீடித்தது. வெவ்வேறு நேரத்தில் வேலைக்குப் போகும் இளவயதுக்காரர்கள் குடிவருகிறார்கள் என்று எனக்குப் பட்டது. புது இணைப்புக்கான விண்ணப்பங்களும் அதையே சொல்லின. விளிம்புப் பகுதிகள் இன்னும் குறைந்துகொண்டுதான் இருக்கின்றன. மொத்தக் கூட்டலில் இவ்விரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடுகின்றன. நகரின் முழுமைத் திட்டமோ (மாஸ்டர் பிளான்) இன்னும் மக்கள்தொகையின் பழைய இறங்குகோட்டையே வைத்திருக்கிறது.

இப்படித் திரும்பிய நகரங்கள் வேறு பல உண்டு. 1939-இல் சுமார் 86 லட்சம் பேரோடு உச்சத்தில் இருந்த லண்டன், பல பத்தாண்டுகள் ஆட்களை இழந்து, 2015-இல்தான் அந்த எண்ணிக்கையைத் தாண்டியது. அமெரிக்காவின் பிலடெல்பியா 1950-க்குப் பிறகு முதல்முறையாக 2010 கணக்கெடுப்பில் ஏற்றம் கண்டது. கூடியது வெறும் எட்டாயிரத்துச் சொச்சம். திருப்பம் வரும்போது இப்படித்தான் சத்தமில்லாமல் வரும்.

தாங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தை. 1989-இல் சுமார் 5.3 லட்சம் பேர் இருந்த ஊர், 1998-இல் 4.4 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 2000 வாக்கில் அறுபதாயிரம் குடியிருப்புகள் வரை பூட்டிக் கிடந்தன. காலி வீடுகளை இடிப்பதற்கென்றே அரசு நிதி ஒதுக்கியது. கிழக்கு ஜெர்மனி முழுவதும் 3 லட்சத்துக்கு மேல் இடித்தார்கள். அதே லைப்சிக் 2019-இல் 6 லட்சத்தைத் தொட்டது. அதில் ஒரு பங்கு சுற்றுவட்டாரங்களை நகரோடு சேர்த்ததால் வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2010-க்குப் பிறகு வந்தது குடிவந்தவர்களால் வந்த கூட்டம். ஆள் குறைந்தபோது பள்ளிகளை மூடிய அந்நகரம், அப்புறம் பிள்ளைகளுக்கு இடம் தேடி அவசர அவசரமாகப் புதிய பள்ளிகள் கட்ட வேண்டியதாயிற்று.

கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1950-இல் 18.5 லட்சம் பேர் இருந்த அமெரிக்க நகரமான டெட்ராய்டில் 2020-இல் மிஞ்சியது 6.4 லட்சத்துக்கும் குறைவு. அரசின் ஆண்டு மதிப்பீட்டில் தம் மக்கள் விடுபடுகிறார்கள் என்று நகர நிர்வாகம் நீதிமன்றம் வரை போனது. 1957-க்குப் பிறகு முதல்முறையாக அங்கே மக்கள்தொகை கூடியிருக்கிறது என்ற மதிப்பீடு 2024-இல் வெளியானது. மதிப்பீடு போடும்போது வீட்டை இடித்தால் ஆளும் குறைந்தார் என்று எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் இடித்த பல வீடுகளில் ஆள் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும்.

இன்னொன்று: அன்று ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள், இன்று ஒருவரோ இருவரோ. பழைய தலைக்கணக்கில் பாதி திரும்பி வந்தாலே வீடுகள் அத்தனையும் நிரம்பிவிடும். குழாயைத் திட்டமிடுபவருக்கு இது முக்கியம்.

எனவே தங்களிடம் நான் கேட்பது இது. மையப்பகுதியில் மெயின் குழாய்களைத் துண்டிக்கும் அடுத்த கட்டப் பணியை இரண்டு ஆண்டுகள் நிறுத்திவையுங்கள். அதற்குள் குடிநீர் மீட்டர், மின் இணைப்பு, பள்ளிச் சேர்க்கை மூன்றையும் ஒப்பிட்டு வார்டு வாரியாக ஆட்களை எண்ணச் சொல்லுங்கள். துண்டித்துத் தூர்த்த குழாயை மறுபடி போடுவதென்றால் சாலையை முழுக்கத் தோண்ட வேண்டும். சும்மா கிடக்கும் குழாயைக் கழுவிக்கொண்டிருக்க ஆகும் செலவு அதில் சிறு பங்குதான். நாற்றத்தைச் சகித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தொல்லை எனக்கும் தெரியும்.

பூட்டிக் கிடக்கும் மூன்று பள்ளிக் கட்டடங்களையும் விற்காமல் குறுகிய கால வாடகைக்கு விடலாம். லைப்சிக்கில் 2004-க்குப் பிறகு ‘காவல் வீடு’ என்றொரு முறை வந்தது: காலிக் கட்டடத்தில் கலைஞர்களையும் சிறு அமைப்புகளையும் குடிவைத்து, பராமரிப்புச் செலவை மட்டும் அவர்கள் ஏற்கும்படி செய்தார்கள். கூரை ஒழுகினால் சொல்ல ஓர் ஆள் இருந்தாலே கட்டடம் பிழைத்துவிடும்.

ஊர் தேய்ந்த காலத்தில் போக்கிடம் இல்லாமலோ போக மனமில்லாமலோ இங்கேயே இருந்தவர்களின் வாடகை, புதியவர்கள் வரவால் இப்போது ஏறத் தொடங்கியிருக்கிறது. அது தங்கள் துறையின் கீழ் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் உரிய துறைக்கு இந்தப் பத்தியை அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

லாக் புக்கின் மூன்றாண்டுப் பக்கங்களின் நகல்களை இணைத்துள்ளேன். கையெழுத்து சில இடங்களில் புரியாது. அழைத்தால் நேரில் வந்து வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)