மெதுவா போடச் சொன்ன அண்ணாச்சிக்கு

அன்புள்ள அண்ணாச்சி,

கடையில் வைத்தே சொல்லலாம் என்றுதான் இருந்தேன். பேச ஆரம்பித்தால் நடுவில் யாராவது அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்டு வந்து நிற்பார்கள். பேச்சு அத்தோடு போய்விடும். அதனால் எழுதுகிறேன். கடை சாத்திய பிறகு உங்கள் மகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஊருக்கே தெரியும்படி எழுதலாமா என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு நீங்கள் வாய்விட்டுச் சொன்னதை நான் மனதுக்குள் சொன்னேன், அவ்வளவுதான் நமக்குள் வித்தியாசம்.

கப்பன் பார்க் டென்னிஸ் ஸ்டேடியத்தில் தகுதிச் சுற்று பார்க்கப் போனோமே, அந்த ஞாயிற்றுக்கிழமை. முதல் செட் அந்தப் பையனுக்கு. இரண்டாவதில் 5-3, அவன் சர்வீஸ், 40-15. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் அவனுக்கு, அதற்கு இரண்டு வாய்ப்பு கையில். நீங்கள் கிளம்புவதற்காக எழுந்து வேட்டியை மடித்துக் கட்டியே விட்டீர்கள். முதல் சர்வீஸ் நெட்டில் போனது. இரண்டாவதுக்குப் பந்தைத் தரையில் தட்டினான், நிறுத்தினான், மறுபடி தட்டினான். ஒரு சத்தம் இல்லை. அந்த நேரம் பார்த்து நீங்கள், "ஏல, மெதுவா போடுல!" என்றீர்கள். பையனுக்குத் தமிழ் தெரியும் என்பது அவன் நிமிர்ந்து நம் பக்கம் பார்த்தபோதுதான் தெரிந்தது. மெதுவாகத்தான் போட்டான். கோட்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே விழுந்தது. அதன் பிறகு நடந்ததை எழுத வேண்டியதில்லை. மூன்றாவது செட் 6-2, எதிராளிக்கு.

மெட்ரோவில் டிரினிட்டி தாண்டும்வரை நீங்கள் ஒரே பாட்டு: "கையில எல்லாம் இருக்கு தம்பி. நெஞ்சுல ஒண்ணும் கெடையாது. பயந்தாங்கொள்ளிப் பய." நான் பதில் பேசவில்லை. அல்சூரில் இறங்கி வீட்டுக்குப் போனபிறகும் அந்தப் பையன் நிமிர்ந்து பார்த்தது கண்ணிலேயே நின்றது.

முதலில் அந்த "மெதுவா". நெட்டின் நடு உயரம் மூன்றடி. நெட்டிலிருந்து 21 அடியில் சர்வீஸ் கோடு. பந்து நெட்டையும் தாண்ட வேண்டும், கோட்டுக்குள்ளும் இறங்க வேண்டும். முதல் சர்வீஸை ஓங்கி அடிக்கலாம். போனால் இன்னொன்று இருக்கிறது. இரண்டாவதில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் பந்தைக் கீழிருந்து மேலாக உரசி, முன்பக்கமாகச் சுழலவிடுவார்கள். அந்தச் சுழற்சிதான் நெட்டுக்கு மேலே தாராளமாக உயர்ந்து போகிற பந்தைத் தலையில் தட்டி உள்ளே இறக்குகிறது. சுழற்சி மட்டையின் வேகத்திலிருந்து வருவது. ஆகவே இரண்டாவது சர்வீஸிலும் கை கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் வர வேண்டும். பந்தைத் தள்ளச் செலவாகிற வேகம் இதில் சுழற்றச் செலவாகும். பயம் வந்தவன் ஜாக்கிரதையாக இருப்போம் என்று கையைப் பிடித்து இழுப்பான். வேகம் போகும், கூடவே சுழற்சியும் போகும், இறங்க வேண்டிய பந்து மிதந்துகொண்டு வெளியே போய் விழும். போதாததற்கு நம் பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று லேசு. சென்னையில் உள்ளே விழுகிற அடி இங்கே இன்னும் கொஞ்சம் பறக்கும். பத்திரமான வழி என்று நினைத்து நீங்கள் சொன்னீர்களே, அந்த இடத்தில் அதைவிட ஆபத்தான யோசனை இல்லை.

இது தெரியாதவனா அவன்? பத்து வயதிலிருந்து ஆடியிருப்பான். இங்கேதான் உங்கள் பொட்டலக் கதை வருகிறது.

என் மகள் பள்ளிக்கூடத்துக்காகப் போனில் படம் எடுக்க உங்கள் கடைக்கு வந்தாளே, நினைவிருக்கிறதா? கூரையில் தொங்குகிற நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து, பேப்பர் பொட்டலத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, விரலிலேயே ஒரு வெட்டு வெட்டி அறுப்பீர்கள். நாற்பது வருஷப் பழக்கம், கண் கல்லாவில் இருக்கும், வாய் பழைய பாக்கியைக் கேட்டுக்கொண்டிருக்கும், பொட்டலம் தானாகக் கட்டப்பட்டிருக்கும். அன்றைக்கு அவள், "தாத்தா, எப்படிச் சுத்துறீங்கன்னு மெதுவா காட்டுங்க" என்றாள். நீங்கள் விரலைப் பார்த்தீர்கள். முதல் சுற்று கோணலாகப் போனது. நூல் நழுவியது. மூன்றாவது தடவை பொட்டலம் பிரிந்து கால் கிலோ கடுகு மேசை முழுக்க உருண்டது. "சனியன், இன்னைக்கு வரமாட்டேங்குது" என்று சிரித்தீர்கள். அவள் போன பத்தாவது நிமிஷம் அடுத்த ஆளுக்குப் பார்க்காமலே கட்டிக் கொடுத்தீர்கள்.

அந்தப் பையனுக்கு நடந்ததும் இந்தக் கடுகு விவகாரம்தான். கைக்குத் தெரிந்த வேலையை மனசு வந்து மேற்பார்வை பார்த்தால் கை மறந்துவிடும். பந்தை இவ்வளவு உயரம் தூக்கு, தோளைத் திருப்பு, முழங்காலை மடக்கு என்று ஒவ்வொன்றாக உத்தரவு போட ஆரம்பித்ததுமே, ஒரே வீச்சில் வருகிற அசைவு துண்டுதுண்டாகிவிடும். அன்றைக்கு நான் கவனித்தேன்: அந்த கேமில் அவன் பந்தைத் தூக்கிப் போட்ட உயரமே குறைந்திருந்தது. மட்டையின் பிடியைத் துண்டால் துடைத்தான், டவுசரில் துடைத்தான், மறுபடி துண்டைக் கேட்டான்.

இதை நெஞ்சில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு வருகிற வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். 1993 விம்பிள்டன் பெண்கள் இறுதி ஆட்டம். ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக யானா நோவோத்னா மூன்றாவது செட்டில் 4-1. அவர் சர்வீஸ், 40-30. அந்தப் பாயிண்டை எடுத்தால் 5-1, கோப்பை கிட்டத்தட்ட கையில். டபுள் ஃபால்ட்: இரண்டு சர்வீஸும் தவறி, பாயிண்ட் எதிராளிக்கு. அதற்குப் பிறகு ஒரு கேம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஐந்தையும் வரிசையாக கிராஃப் எடுத்து 6-4 என்று முடித்தார். பரிசளிப்பில் இங்கிலாந்து அரச குடும்பத்துக் கெண்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து நோவோத்னா அழுத படம் உலகமெல்லாம் போனது. பயந்தாங்கொள்ளியா அவர்? 1997-இல் மறுபடி இறுதிக்கு வந்தார், ஹிங்கிஸிடம் தோற்றார். 1998-இல் மூன்றாம் தடவை வந்து வாங்கிக்கொண்டுதான் போனார். அதே புல்தரை, அதே கை.

ஃபெடரரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 விம்பிள்டன் இறுதி, ஐந்தாவது செட், 8-7, அவர் சர்வீஸ், 40-15. நம் பையனுடைய அதே ஸ்கோர் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் விட்டார். ஆட்டம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் ஃபெடரர் எடுத்த பாயிண்ட் 218, ஜோகோவிச் எடுத்தது 204. கோப்பை ஜோகோவிச்சுக்கு. செட் சமமாக நின்றால் வைக்கிற டைபிரேக் மூன்று, மூன்றும் அவர் பக்கம். 2024-இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிப் பட்டமளிப்பில் ஃபெடரர் தன் கணக்கைச் சொன்னார்: ஒற்றையரில் ஆடிய 1,526 ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் வெற்றி, ஆனால் பாயிண்டுகளில் ஜெயித்தது 54 சதவீதம்தான். வியாபாரி உங்களுக்கு இதை விளக்க வேண்டுமா? பாதிக்கு மேலே நாலே நாலு, நூறு ரூபாய்க்கு விற்றால் நாலு ரூபாய் நிற்கிற தொழில் மாதிரி. கை ஒரு நூலளவு இறுகி அந்த நாலு போய்விட்டால், உலகத்தில் முதல் ஆளும் முந்நூறாவது ஆளும் ஒன்றாகிவிடுவார்கள்.

சரி, இந்த இறுக்கத்துக்கு மருந்து நம்பிக்கை என்பார்கள். அது எந்தக் கடையில் விற்கிறது என்றுதான் யாரும் சொல்வதில்லை. ஜெயித்தால் வரும், வந்தால் ஜெயிக்கலாம். ஜெயிக்காதவனுக்கு இரண்டும் இல்லை. நம் பக்கத்துக் குடகு ஆள் ரோஹன் போபண்ணா, 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் 43 வயதில் ஆண்கள் இரட்டையர் கோப்பையை வாங்கிக்கொண்டு மேடையில் என்ன சொன்னார் தெரியுமா? சில வருஷத்துக்கு முன்னால் ஐந்து மாதம் ஒரு மேட்ச்கூட ஜெயிக்காமல், ஆட்டத்தையே விட்டுவிடலாம் என்று மனைவிக்கு வீடியோ அனுப்பினாராம். நீங்கள் அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் "கெழவனுக்குச் சோலி முடிஞ்சுது" என்றிருப்பீர்கள். அந்த ஆஸ்திரேலிய ஓப்பனோடு இரட்டையரில் உலக முதலிடமும் அவருக்கு வந்தது.

பெலாரஸ் ஆட்டக்காரி சபலென்காவின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 2022 ஆரம்பத்தில் அவருக்கு சர்வீஸே மறந்துபோயிற்று. அடிலெய்டில் அழுதுகொண்டே தோளுக்குக் கீழிருந்து பந்தைப் போட்டார். அந்த வருஷம் மட்டும் 400-க்கும் மேற்பட்ட டபுள் ஃபால்ட். தைரியமாக இரு என்று யாராவது சொல்லியா சரியானது? உடல் அசைவை ஆராய்கிற நிபுணர் ஒருவரை வைத்து, சர்வீஸின் அசைவைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கோத்தார்கள். 2023 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் அவருடையது. நெஞ்சில் வந்த கோளாறு என்று எல்லோரும் சொன்னது தோளில் சரியாயிற்று.

பணத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை, அண்ணாச்சி. சுமித் நாகல் 2017-இல் இதே கப்பன் பார்க்கில் சாலஞ்சர் என்கிற இரண்டாம் படிப் போட்டியில் கோப்பை வாங்கியவர். 2023-இல், ஒற்றையரில் இந்தியாவின் முதலிடத்தில் இருந்தபோது, வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அதை வைத்துக்கொண்டு பயிற்சியாளர், விமானம், ஓட்டல் எல்லாம் பார்க்க வேண்டும். அவருக்கு இரண்டாவது சர்வீஸ் என்பது அடுத்த வாரத்து டிக்கெட். கடை போட்ட புதிதில் வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது சரக்கு விலை பேசினால் உங்கள் குரலே மாறிப்போகும் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு சில மாதம் கழித்து, 2024 ஜனவரியில், தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்த நாகல் மெல்பர்னில் நடக்கிற ஆஸ்திரேலிய ஓப்பனில், உலகத் தரவரிசையில் 27-ஆம் இடத்திலிருந்த பப்ளிக்கை நேர் செட்டில் அடித்தார். அடுத்த மாதம் சென்னையில் கோப்பை, உலகத் தரவரிசையில் முதல் நூறுக்குள் இடம்.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. எம்மா ரடுகானு 2021-இல் 18 வயதில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து, பத்து ஆட்டத்தில் ஒரு செட்கூட விடாமல் அமெரிக்க ஓப்பனை வாங்கினார். டென்னிஸில் போன வருஷம் இதே வாரம் எடுத்த தரவரிசைப் புள்ளி இந்த வருஷம் இதே வாரம் கழிந்துவிடும். போன தீபாவளி விற்பனையை இந்தத் தீபாவளியிலும் தொட்டாக வேண்டும் என்கிற மாதிரி. 2022-இல் முதல் சுற்றிலேயே தோற்றார். 11-ஆம் இடத்திலிருந்து 83-க்கு இறங்கினார். யாரென்றே தெரியாதபோது சுதந்திரமாக வீசிய கை அது.

துணிச்சல் என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் அப்பா ரேடியோவில் கேட்டதாகச் சொல்வீர்களே, நாடுகளுக்கிடையே நடக்கிற டேவிஸ் கோப்பை, 1966, கல்கத்தா. ராமநாதன் கிருஷ்ணன் பிரேசிலின் தாமஸ் கோக்கிடம் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று பின்தங்கி, நான்காவதில் 2-5. அங்கிருந்து 7-5, 6-2 என்று திருப்பினார். இந்தியா முதல் முறையாகக் கடைசிச் சவால் சுற்றுக்குப் போனது. அதற்கு நெஞ்சு வேண்டும்தான். ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போது நாம் கோக்கை மறந்துவிடுகிறோம். 5-2-இல் இருந்தவர் அவர். அவருக்கும் ஒரு கை இருந்தது, அதுவும் இறுகியிருக்கலாம். பிரேசிலில் யாராவது ஓர் அண்ணாச்சி அவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்.

அடுத்த போட்டி வரும்போது மறுபடி போவோம். டிக்கெட் என் பொறுப்பு. நிலக்கடலை நீங்கள்தான் பொட்டலம் கட்டிக் கொண்டுவர வேண்டும். கட்டி முடிக்கிறவரை நான் தெருப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன்.

இப்படிக்கு,
எதிர்ச் சந்துத் தம்பி