பெயின்ற் வேண்டாம் தம்பி, பீலிய மாத்துவம்

தம்பி,

நேற்று நீ கதைச்சுக்கொண்டிருக்கேக்க லைன் கட்டாயிட்டுது, திருப்பி எடுத்தா நீ வேலைக்கு வெளிக்கிட்டாய் எண்டு மருமகள் சொன்னவ. போனில எனக்கு ஒழுங்காச் சொல்ல வராது, நீயும் இடையில இடையில "சரியம்மா சரியம்மா" எண்டுவாய், அதான் இருந்து எழுதுறன், பிள்ளையள் நித்திரையான பிறகு ஆறுதலா வாசி.

வீட்ட முழுக்கத் திருத்திப்போட்டு வில்லுங்கோ, காசு நான் அனுப்புறன் எண்டு நீ சொல்லுறாய். தங்கச்சி கிடக்கிறபடியே குடுங்கோ எண்டுறாள். மேசனைக் கூப்பிட்டுக் காட்டினன். அவன் நிலத்துக்கு ரைல்ஸ், சீலிங், உள்ளுக்கு ஒரு பாத்ரூம், உள்ளயும் வெளியயும் பெயின்ற் எண்டு சுத்திச் சுத்திப் பாத்து பதினொரு லட்சம் எண்டான். 2022ல ஒரு பை சீமெந்து மூவாயிரம் வித்த காலத்தை நினைச்சா இப்ப பரவாயில்ல எண்டு எனக்கே ஆறுதல் வேற சொன்னவன். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. 2013ல இந்தியன் வீட்டுத்திட்டத்தில புது வீட்டுக்கு ஐஞ்சரை லட்சம், உடைஞ்ச வீடு திருத்த ரெண்டரை லட்சம் குடுத்தவை, எங்களுக்குச் சுவர் மிஞ்சினபடியா ரெண்டரைதான், அந்தக் காசோட அப்பா தானே கல்லுத் தூக்கி முழுக் கூரையும் போட்டவர். இப்ப வித்துப்போட்டுப் போற வீட்டுக்குப் பதினொண்டு.

வாங்க வந்தது இதுவரை ரெண்டு பகுதி. ஒருத்தர் கனடாவில இருந்து வந்து நிக்கிறார். றோட்டுப்பக்கம் எத்தினை அடி முகப்பு எண்டு கேட்டார், தென்னையை எண்ணினார், வீட்டுக்குள்ள வரவே இல்ல, வாசல்ல நிண்டபடியே "இது உடைக்கத்தானே அக்கா" எண்டுறார். அந்த மனுசனுக்கு நான் ரைல்ஸ் பதிச்சு வைச்சா அவற்ர ஜேசிபிக்குத்தான் பதிச்சு வைக்கிறன்.

மற்றது ஒரு ரீச்சர் பிள்ளையும் புருசனும். அந்தப் பிள்ளை வந்த உடன கிணத்தடிக்குப் போய் தண்ணி அள்ளிக் குடிச்சுப் பாத்துது, எங்கட பரந்தன் பக்கம் எத்தினை கிணறு உவர் எண்டு தெரியும்தானே, குடிச்சிட்டுப் புருசனைப் பாத்துத் தலையாட்டினது. பிறகு உள்ள வந்து சுவரையே பாக்கேல்ல, அண்ணாந்து கூரையைத்தான் பாத்துது. "மழைக்கு ஒழுகுமோ அம்மா?" எண்டு கேட்டுது. குசினியும் வீடும் சேருற இடத்தில மழைத்தண்ணி ஓடுற பீலி உக்கிப்போச்சு, அதால ஒழுகும் எண்டு சொன்னன். நீ பக்கத்தில நிண்டிருந்தா என்ர காலை மிதிச்சிருப்பாய்.

அவை பாங்கில லோன் எடுத்துத்தான் வாங்குவினம். பாங்கால வந்து பாக்கிறவனுக்கு என்ன கலர் அடிச்சிருக்கு எண்டதில்ல கவலை, காணி உறுதி, சேவையர் படம், பிரதேச சபைத் துண்டு, இதுதான் கேப்பான். எங்கட உறுதி முள்ளிவாய்க்காலோட போச்சு, காணிக்கந்தோரில எடுத்த பிரதிதான் கிடக்கு. எல்லைக்கல்லு ரெண்டு காணேல்ல, பின்வேலி நாங்கள் 2010ல திரும்பி வரேக்கயே எங்கட பக்கம் தள்ளித்தான் நிண்டது, அப்பா சண்டை வேண்டாம் எண்டு விட்டவர். இப்ப அளந்து படம் கீறாட்டி ஒருத்தனும் லோன் தரான். பக்கத்து றோட்டில அரசாங்கம் குடுத்த பெர்மிற் காணியை வெள்ளைத் தாளில எழுதி வித்தவை இப்ப படுற பாட்டைப் பாக்கிறன்தானே. எங்கடது உறுதிக்காணி எண்டது பெரிய புண்ணியம், ஆனா அப்பா போன பிறகும் அவற்ர பேரிலதான் கிடக்கு, உன்ர கையெழுத்தும் தங்கச்சிட கையெழுத்தும் இல்லாம நான் ஒரு தென்னையைக் கூட விக்க ஏலாது.

இன்னொண்டு, பதினொரு லட்சம் போட்டா விலையில ஏத்தோணும். முத்திரைக்காசு வாங்கிறவைதான் கட்டுறது, முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், நாங்கள் ஏத்துற காசுக்கும் சேத்து அந்தப் பிள்ளைதான் கட்டோணும், நொத்தாரிசுக்கும் குடுக்கோணும். எனக்குப் பிடிக்காத ரைல்ஸுக்கு அவள் ஏன் வரி கட்டுறாள்.

குசினிச் சுவர் வெடிப்புத்தான் நீ பயப்பிடுறது. 2018 மார்கழி இரணைமடுக் குளத்துக் கதவெல்லாம் திறந்து வெள்ளம் வளவுக்குள்ள வந்த பிறகு விழுந்த வெடிப்பு அது. அடுத்த ஆடியில நான் ரெண்டு ரூபாக் குத்தி ஒண்டை அதுக்குள்ள விட்டுப் பாத்தன், நுழைஞ்சுது, பக்கத்தில பென்சிலால திகதி எழுதினன். மாரியில விட்டுப் பாத்தா நுழையேல்ல. பின்பக்கம் களிதானே, காய்ஞ்சா விரியுது நனைஞ்சா மூடுது. ஒவ்வொரு ஆடியும் பாத்து எழுதி வாறன், இந்த ஆடியும் ஒரு குத்திதான், ரெண்டு குத்தி நுழையேல்ல. மேசன் சொல்லுறான் "பூசி பெயின்ற் அடிச்சா தெரியாதம்மா" எண்டு. வாற ஆடி தெரியும்தானே, அப்ப அந்தப் பிள்ளை என்னை என்னெண்டு நினைக்கும். பென்சில் எழுத்தையே காட்டிட்டன். புருசன்காரன் குனிஞ்சு ஒவ்வொரு திகதியா வாசிச்சான், விலை குறைக்கச் சொல்லிக் கேப்பான், கேக்கட்டும்.

அதால நான் முடிவெடுத்திட்டன், கோவிக்காத. ஐப்பசி மழைக்கு முதல் பீலி மாத்துறது, குரங்கு குதிச்சு உடைச்ச ஓடு முப்பது முப்பத்தைஞ்சு மாத்துறது, கறையான் பிடிச்ச கூரை வளை ஒண்டு மாத்துறது, கிணத்தடிக் கட்டு பூசுறது. எல்லாம் ஒரு லட்சத்து இருபதுக்குள்ள முடியும், என்னட்டக் கிடக்கு. நீ அனுப்புறதெண்டா சேவையர் காசை அனுப்பு.

பூச்சு வேலை ஒண்டு மட்டும் சொல்லிட்டன். முன் அறைச் சுவரில சண்டை நேரம் செல் சன்னம் அடிச்ச ஐஞ்சு ஓட்டையும் உனக்கு ஞாபகம் இருக்கும். திருத்தேக்க அப்பா அதை மூட விடேல்ல, நான் கலண்டரைத் தொங்கவிட்டு மறைச்சுக்கொண்டு திரிஞ்சன். அந்த ரீச்சர் பிள்ளைக்கு மூண்டு வயசில ஒரு பெடியன், வந்த அண்டு கலண்டரைத் தூக்கித் தூக்கி ஓட்டைக்குள்ள விரலை விட்டு விளையாடினவன். வெடிப்பை மறைக்கமாட்டன் எண்டு சொன்ன நான் இதை மூடச் சொல்லுறது உனக்கு ஒரு மாதிரி இருக்கும். உங்கட அப்பாவும் நானும் இருந்த வீட்டுக்கு அது இருக்கட்டும், அவன் வளரப்போற வீட்டுக்கு வேண்டாம். மேசன் அதுக்குக் காசு கேக்கேல்ல.

உங்கட பேரில நான் கையெழுத்து வைக்கிற அற்றோனிக்கு பரிஸ் எம்பசியில எண்டைக்குத் திகதி கிடைக்குதெண்டு கேட்டு தங்கச்சிக்கும் சேத்து வாட்ஸ்அப்பில போடு, கையெழுத்து வைச்சு அனுப்பினாப் பிறகு இங்க நான் பதியோணும், அதுக்கும் நாள் எடுக்கும். பாஸ்போட்டில இருக்கிற மாதிரி முழுப்பேரை எழுது, போனமுறை மாதிரி செல்லப்பேரை எழுதாத.

அம்மா