பெயருக்கு ஒரு பெண் இயக்குநர் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனத் தலைமையில் பெண்கள் பற்றிய உங்கள் கட்டுரை, எத்தனை பேர் என்ற கணக்கோடு நின்றுவிட்டது. எந்த முடிவில் அவர்களிடம் கருத்துக் கேட்டார்கள் என்பதையும் பார்த்திருக்கலாம்.

பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களில், முக்கிய முடிவுகளை எடுக்கும் இயக்குநர் குழுவில் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்றது 2013 கம்பெனிகள் சட்டம். கெடு நெருங்கியதும் பல இடங்களில் முதலாளி வீட்டுப் பெண்களையே நியமித்தார்கள். நான் கணக்குப் பிரிவில் இருந்த நிறுவனத்திலும் அப்படித்தான். கூட்டம் முடிந்தபின் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வருவேன். நல்ல விவரமானவர். தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை அவரிடம் யாரும் கேட்டதில்லை. இன்றும் எனக்கு மனசு உறுத்துகிறது. அப்புறம்தான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு, பெரிய நிறுவனங்களில் குடும்பத்தைச் சாராத சுயேச்சைப் பெண் இயக்குநர் கட்டாயம் என்று 2019 முதல் விதியை இறுக்கியது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. சென்னையில் பிறந்த இந்திரா நூயி, பெப்சி பானத்தைத் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான பெப்சிகோவில் 1994-இல் சேர்ந்தது வியூகத் திட்டமிடும் பொறுப்புக்கு. ஆலோசனை நிறுவனம், தகவல்தொடர்புக் கருவிகள் செய்யும் மோட்டோரோலா, மின்சாதனங்கள் செய்யும் ஏபிபி என்று வேறு தொழில்களைப் பார்த்துவிட்டு வந்தவர். தலைமைச் செயல் அதிகாரி ரோஜர் என்ரிக்கோ அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். 1997-இல் பெப்சிகோவிடம் இருந்த கேஎஃப்சி, பீட்சா ஹட் உணவகங்களைத் தனியே பிரித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு டிராபிகானா பழச்சாறும், 2001-இல் குவாக்கர் ஓட்ஸும் பெப்சிகோவிடம் வந்தன. குவாக்கரோடு கேட்டரேடு என்ற விளையாட்டு வீரர்களுக்கான பானமும் சேர்ந்து வந்தது. கோலாவில் மட்டும் கோக்கோடு மல்லுக்கட்டாமல் போட்டிக் களத்தையே மாற்றிக்கொண்டார்கள். 2005 டிசம்பரில் பெப்சிகோவின் சந்தை மதிப்பு முதல்முறையாகக் கோக்கைத் தாண்டியது. எல்லாம் நூயி ஒருவரால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் தலைமைச் செயல் அதிகாரி ஆனது 2006-இல்தான்; அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவெடுக்கும் மேசையில் அவருக்கு இடம் இருந்தது.

எந்த இயக்குநர் எத்தனை கூட்டத்துக்கு வந்தார், எந்தக் குழுவில் இருக்கிறார், யாருக்கு உறவு என்பதெல்லாம் ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது. உங்கள் நிருபர்கள் தமிழ்நாட்டு நிறுவனங்களின் அறிக்கைகளைப் புரட்டி ஒரு தொடர் எழுத வேண்டும். இரண்டு நிறுவனங்களில் எனக்குச் சில பங்குகள் உண்டு. இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்து, பெண் இயக்குநரிடம் எந்த முடிவில் கருத்துக் கேட்டீர்கள் என்று கேட்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்