நண்டு கம்பெனி மேனேஜர்களுக்கு ஒரு திறந்த மடல்

மண்டபம் முதல் தொண்டி வரை நண்டு கம்பெனி நடத்தும் முதலாளிகளுக்கும் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

வளைகுடாவில் பத்து வருடம் வேலை பார்த்துத் திரும்பி, இந்தக் கரையில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவன் நான். ஒரு நாள் காலையில் குளிர் அறையைத் திறந்ததும் நாற்றம் மூக்கில் அடித்தது. உரித்து வைத்த நண்டுச் சதை முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தோம். முந்தின நாள் சாயங்காலமே மெஷின் சத்தம் மாறியதை நண்டு உரிக்கும் அக்கா ஒருவர் கவனித்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நண்டு ஓடு கீறிய விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "போன மாசம் ஐஸ் பத்தலைன்னு சொன்னவளை மறுநாளே வர வேண்டாம்னுட்டாங்களே தம்பி" என்றார்.

மேனேஜரோ, "இந்த ஊர்க்காரங்களே இப்படித்தான், வாயைத் திறக்க மாட்டாங்க" என்றார்.

எனக்கு அதில்தான் கோபம். அந்த அக்காவின் வீட்டுக்காரர் வல்லத்தில் தொழிலுக்குப் போகிறவர். கடலில் வலை விடச் சொன்னாலும், "நீவாடு (கடல் நீரோட்டம்) மாறுது, இங்க வேண்டாம்" என்று வல்லத்திலேயே சின்னப் பையன்கூடச் சொல்லுவான், பெரியவர்கள் காது கொடுப்பார்கள். பிடிக்கும் மீனில் அவனுக்கும் பங்கு உண்டே!

மேலே இருப்பவர் முன் தயங்குவது நம்மிடம் அதிகம்தான். ஐபிஎம் ஊழியர்களிடம் கீர்ட் ஹோஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர் எடுத்த கணக்கில், அதிகார இடைவெளிக்கு, அதாவது மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு, இந்தியாவுக்கு 77, டென்மார்க்குக்கு 18. வளைகுடாவில் எனக்கு டென்மார்க்காரர் ஒருவர்தான் மேனேஜர். எல்லோரையும் உட்கார வைத்து, யாருக்காவது வேறு யோசனை உண்டா என்பார். நாங்கள் தலையைக் குனிந்திருப்போம். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். சில தடவை வேலை கெட்ட பிறகு, டீ நேரத்தில் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து கேட்டார். அப்புறம் நாங்கள் சொல்லாத விஷயமே இல்லை.

எப்படி நடத்தினால் வேலை நடக்கும் என்று அமெரிக்காவில் உளவியலாளர் கர்ட் லெவின் குழுவினர் சிறுவர்களை வைத்துச் சோதித்து, 1939இல் வெளியிட்டார்கள். அதட்டி வேலை வாங்கியவர் அறையை விட்டுப் போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசி நடத்தியவர் போன பிறகும் நடந்தது. உங்கள் குளிர் அறை வாசலில் ராத்திரி எந்த மேனேஜர் நிற்கிறார்?

ஷிஃப்ட் முடியும்போது ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கூட்டமாக நிறுத்திக் கேட்காமல், அவர்கள் மதிக்கும் மூத்த அக்கா ஒருவர் மூலம் கேளுங்கள். குறை சொன்னதற்காக வீட்டில் உட்கார வைத்த பெண் உங்கள் கம்பெனியிலும் இருந்தால், நாளைக்கே திரும்பக் கூப்பிடுங்கள்.