கூர்நோக்கு இல்லங்களின் இரவுப் பணியாளர்கள் குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

குற்றம் சாட்டப்பட்டு, சட்டத்துக்கு முரண்பட்ட சிறார் என்று இளைஞர் நீதிக் குழுமத்தால் (சிறார் வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு) கூர்நோக்கு இல்லங்களுக்கு, அதாவது விசாரணைக் காலத்தில் தங்கவைக்கும் இல்லங்களுக்கு அனுப்பப்படும் பிள்ளைகளோடு ஆற்றுப்படுத்துநராக (மனநல ஆலோசகராக) பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான். மாலையில் அலுவலகம் மூடிய பிறகு மறுநாள் காலைவரை அந்தப் பிள்ளைகளோடு இருந்து பராமரிக்கும் ‘இல்லத் தந்தை’ என்ற பணியாளர்களையும் காவலர்களையும் சிகிச்சைப் பணியாளர்களாகக் கருதி, அதற்கேற்பத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்து, நிரந்தரப் பணியில் அமர்த்துங்கள்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில், செங்கல்பட்டுக் கூர்நோக்கு இல்லத்துக்குக் கொண்டுவரப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் சில நாள்களுக்குள் உயிரிழந்தான். இல்லத்தின் பணியாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களை ஒருநபர் குழுவாக அரசு நியமித்தது. குற்றம் செய்தவர்கள் நீதிமன்றத்தில் பதில் சொல்லட்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆள்களை மாற்றிவிட்டுப் பணிமுறையை அப்படியே விட்டால், அதே இரவுகள் வேறு ஆள்களின் கையில் தொடரும் என்பதே என் அச்சம்.

இல்லத்துக்கு வரும் ஒரு சிறுவனின் முதல் சில நாள்களை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். கஞ்சாவோ, வலி மாத்திரையோ, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனோ பழகியிருந்த உடல் திடீரென்று அது இல்லாமல் நிற்கிறது. தூக்கம் வராது, வியர்த்துக் கொட்டும், சோறு இறங்காது, சின்னச் சொல்லுக்கும் கை ஓங்கத் தோன்றும். காவல் நிலையத்தில் பட்ட அடியின் வலியும், அம்மா பார்க்க வருவாளா என்ற ஏக்கமும் சேர்ந்துகொள்கின்றன. பகலில் மருத்துவரும் ஆற்றுப்படுத்துநரும் அருகில் இருப்பதால் அவன் ஓரளவு அடங்கியிருப்பான். விளக்கணைத்த பிறகுதான் சுவரில் தலையை மோதிக்கொள்வதும், கையைக் கீறிக்கொள்வதும், பக்கத்துப் பையனோடு அடிதடியில் இறங்குவதும் நடக்கின்றன. அந்த நேரத்தில் அங்கே இருப்பவர், பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வந்த, குறைந்த ஊதியம் பெறும், எந்தப் பயிற்சியும் பெறாத ஒரு மனிதர். அவர் கண்ணுக்கு அது திமிராகவே தெரிகிறது. அவர் குரலை உயர்த்துகிறார். மற்ற பையன்கள் கூடிவிடுகிறார்கள். அவர்கள் முன்னால் பணிந்துபோக அந்தச் சிறுவனால் முடிவதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

அதே கணத்தை வேறு விதமாகக் கையாளவும் முடியும். கையாளத் தெரிந்த சிலரை நான் கண்டிருக்கிறேன். முதலில் வேடிக்கை பார்க்கும் பையன்களை அப்புறப்படுத்துவார்கள். அவனை நெருக்காமல், வழியை மறிக்காமல், சற்றுத் தள்ளி உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசுவார்கள். தண்ணீர் கொடுப்பார்கள். ‘உள்ளே போ’ என்று ஆணையிடாமல், ‘இங்கேயே கொஞ்ச நேரம் இருக்கிறாயா, முகம் கழுவிவிட்டு வருகிறாயா’ என்று அவன் தேர்ந்துகொள்ள இடம் விடுவார்கள். நடந்ததைப் பற்றி மறுநாள் காலைதான் பேசுவார்கள். இதைப் பிறவிக்குணம் என்று நினைத்துவிட வேண்டாம். செய்து பார்த்துப் பழகக்கூடிய தொழில்திறன் இது. ஆண்டுக்கு ஒருமுறை மண்டபத்தில் நடக்கும் சொற்பொழிவால் மட்டும் வராது.

ஆள் போதாத இடங்களில் இன்னொரு வழக்கம் வேரூன்றிவிடுகிறது. பெரிய பையன்களில் ஒருவனை ‘லீடர்’ ஆக்கி, மற்றவர்களை அடக்கும் பொறுப்பை அவன் கையில் விட்டுவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் இல்லம் அமைதியாக இருக்கும். உள்ளே சின்னப் பையன்களின் சாப்பாடும், போர்வையும், சில இடங்களில் அவர்கள் உடலும்கூட அந்த லீடரின் தயவில் இருக்கும். இந்த வழக்கத்தை எழுத்துமூலம் தடை செய்யுங்கள். தடை நிலைக்க வேண்டுமானால், அந்த இடத்தில் வயதுவந்த பணியாளர் ஒருவர் நிற்க வேண்டும்.

சட்டத்தில் குறை இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் வைப்பதைக் கடைசி வழியாகவே கொள்ளச் சொல்கிறது. ஒழுங்குபடுத்துவதற்காக அடிப்பதை 82ஆம் பிரிவில் குற்றமாக்கியிருக்கிறது. பிள்ளையின் குடும்பம், சூழல் பற்றி நன்னடத்தை அலுவலர் தரும் சமூகப் புலனாய்வு அறிக்கை 15 நாள்களுக்குள் வர வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் 100 பிள்ளைகளுக்கு 2 ஆற்றுப்படுத்துநர்களைப் பரிந்துரைக்கின்றன. அந்த இருவரும் முழுமையாக உழைத்தாலும், ஒரு பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைப்பதே அரிது. மற்ற நேரமெல்லாம் அவன் இருப்பது இல்லத் தந்தையோடும் காவலரோடும்தான். ஆனால் அந்த அறிக்கையையும் திட்டத்தையும் அவர்கள் பார்ப்பதே இல்லை. அவை அலுவலக அலமாரியில் இருக்கின்றன. வழக்கு விவரங்களையெல்லாம் அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகளின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். ஆனால் இவன் முன்பு தற்கொலைக்கு முயன்றவன், இவனுக்கு இருட்டறை பயம், இவன் தந்தை இறந்து மாதம் ஆகவில்லை என்பவற்றை இரவுப் பணிக்கு வருபவர் அறிந்திருக்க வேண்டும். பணி மாறும்போது இரு தரப்பும் அரை மணி நேரம் சேர்ந்திருந்து, அன்றைய நாளைப் பேசிக் கைமாற்றும் ஏற்பாடு ஒன்று போதும்.

அந்தப் பணியாளர்களின் நிலையையும் கவனியுங்கள். கடிபட்டும், வசைபட்டும், தூக்கில் தொங்க முயன்ற பையனைத் தாங்கிப் பிடித்தும் இரவைக் கழித்தவரிடம் மறுநாள் விளக்கக் கடிதம் மட்டுமே கேட்கிறோம். அவர் மனத்தை யாரும் விசாரிப்பதில்லை. சில மாதங்களில் அவர் வேலையை விட்டுப் போகிறார்; அவரை நம்பத் தொடங்கிய பையன், தன்னை விட்டுப் போனவர்களின் வரிசையில் அவரையும் சேர்த்துக்கொள்கிறான். ஒப்பந்தப் பணி இங்கே செய்யும் பெரிய கேடு இதுவே.

செலவைப் பற்றிய தயக்கம் எனக்குப் புரிகிறது. இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென 1920இல் சட்டம் இயற்றியது அன்றைய சென்னை மாகாணம். அந்த மரபில் வந்த அரசுக்கு இந்தப் பணியிடங்கள் தாங்க முடியாத சுமையாக இருக்காது என்று நம்புகிறேன். முழு ஏற்பாட்டுக்கும் காலம் பிடிக்கலாம். ஆனால் ஒன்றை உடனே செய்யலாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி ஆய்வுக் குழுக்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இல்லங்களுக்குச் செல்ல வேண்டும். அடுத்த ஆய்வை முன்னறிவிப்பின்றி இரவு ஒன்பது மணிக்குமேல் நடத்த ஆணையிடுங்கள். அப்போது பணியில் இருப்பவர் யார், எத்தனை பிள்ளைகளுக்கு அவர் ஒருவர், என்ன பயிற்சி பெற்றார் என்ற விவரங்களைப் பதிவு செய்து, பிள்ளைகளின் அடையாளம் வெளிப்படாதவாறு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஆற்றுப்படுத்துநர் ஒருவர்