உன் பழைய நோட்டுகளை ஊறவைத்திருக்கிறேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போன வாரம் நீ போனில், காகிதக் கூழில் அலங்காரத் தொங்கல்கள் செய்வது எப்படி என்று கேட்டாய். விழாவுக்கு இந்த வருடம் பிளாஸ்டிக் உருண்டைகள் வாங்கப்போவதில்லை, சின்னவனோடு உட்கார்ந்து வீட்டிலேயே செய்யப்போகிறேன் என்றாய். நானும் ஐந்து நிமிடத்தில் ஏதோ சொல்லி முடித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் சொல்லாமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முப்பது வருடம் புத்தக பைண்டிங் செய்தவன் காகிதத்தைப் பற்றி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

சொல்வதற்கு முன் நானே ஒருமுறை செய்து பார்த்துவிடலாம் என்று, பரணிலிருந்து உன் நோட்டுப் பெட்டியை இறக்கினேன். எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று நீ பல முறை சொன்ன பெட்டிதான். எனக்கு மனம் வரவில்லை. அடியில் இருந்த நான்கு நோட்டுகளை இராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. மற்றவை நன்றாகவே இருந்தன. உன் கணக்கு ரஃப் நோட்டுகளை மட்டும் தனியே எடுத்து ஊறவைத்தேன்.

முதலில் காகிதத்தைப் பார்த்து எடு. எல்லாக் காகிதமும் கூழாகாது. நோட்டுத் தாள், பிரிண்டர் தாள், கடித உறை, பழுப்பு அட்டைப்பெட்டி, முட்டை அடுக்கும் அட்டைத் தட்டு, இவையெல்லாம் நல்ல சரக்கு. முட்டைத் தட்டு ஏற்கெனவே கூழில் வார்த்ததுதான், தண்ணீர் பட்டதும் கரையத் தொடங்கிவிடும். அட்டைப்பெட்டியின் நார் நீளமானது, உறுதியானது. கூழில் ஒரு பங்கு அட்டை கலந்தால் தொங்கல் விரிசல் விடாது. செய்தித்தாளையும் பயன்படுத்தலாம். ஆனால் அது மரத்தை அப்படியே அரைத்துச் செய்த தாள். மரத்தில் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் தங்கிவிடுவதால், வெயிலும் காற்றும் பட்டுச் சீக்கிரமே பழுப்பேறும். அச்சு மையால் கூழ் சாம்பல் நிறமாகவும் வரும். அந்த நிறம் உனக்குப் பிடித்தால் சேர்த்துக்கொள்.

கடைகளில் தரும் வழவழப்பான பில் ரசீதை மட்டும் சேர்த்துவிடாதே. அது வெப்பத்தில் எழுத்து விழும் தாள். அதன் மேல் பூச்சில் பிஸ்பினால் போன்ற ரசாயனங்கள் இருக்கும். குழந்தை கைவிட்டுப் பிசையும் கூழில் அதற்கு இடமே இல்லை. மெழுகு பூசிய தாளும் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய தாளும் எத்தனை நாள் ஊறினாலும் கரையாது. பளபளப்பான பத்திரிகைத் தாளில் களிமண் பூச்சு கலந்திருக்கும், நாருக்கு அதில் பங்கு குறைவு. காயவைத்தால் உதிரும்.

கத்தரிக்கோலால் வெட்டாதே, கையால் கிழி. வெட்டிய விளிம்பில் நார் அறுபட்டுப்போகும். கிழித்த விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார், மெல்லிய மயிர் போல நார்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வழியாகத்தான் தண்ணீர் வேகமாக உள்ளே இறங்கும். தபால்தலை அளவுக்குக் கிழித்தால் போதும். சின்னவனுக்கு இதைவிடப் பிடித்த வேலை இருக்காது. இரவு முழுவதும் ஊறட்டும். அவசரமென்றால் வெந்நீர் ஊற்று, ஆறு மணி நேரத்தில் தயாராகிவிடும்.

பசை எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டாயே, அன்றைக்கு நான் அதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. பசையே வேண்டாம். காகிதம் என்பது செல்லுலோஸ் என்ற தாவரப் பொருளாலான நார்களின் கூட்டம். தண்ணீரில் அவை பிரிந்து மிதக்கின்றன. தண்ணீரைப் பிழிந்து எடுக்க எடுக்க ஒன்றையொன்று நெருங்குகின்றன. கடைசி ஈரமும் போகும்போது ஹைட்ரஜன் பிணைப்பு என்ற ஈர்ப்பால் தாமாகவே பற்றிக்கொள்கின்றன. பெரும்பாலான தாள்கள் உருக்குலையாமல் நிற்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். அதனால் நீ எவ்வளவு அழுத்திப் பிழிகிறாயோ, அவ்வளவு உறுதியாக வரும். கெட்டிப் பொருள் வேண்டுமென்றால் கூடுதலாக அழுத்து, பசைப் புட்டியைத் தேடாதே.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் மறுபடி கற்றுக்கொண்டேன். தொழில் பழக்கத்தில் முதல் தடவை கூழில் மைதா காய்ச்சிய பசையைத் தாராளமாகக் கலந்துவிட்டேன். இரண்டு நாள் மூடுபனியும் மழையுமாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், பதினெட்டு தொங்கல்களில் பதினொன்றில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம். உன் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டை வெளியே கொண்டுபோனாள். மாவு பூஞ்சணத்துக்கு உணவு. அதோடு ஈரமும் சேர்ந்தால் தடுக்க முடியாது. சிலர் உப்புப் போடச் சொல்வார்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஈரக் காற்றில் தொங்கல் முழுதாகக் காயவே காயாது. உருண்டையாகப் பிடிக்கக் கொஞ்சம் பிசுக்கு வேண்டும் என்று தோன்றினால், ஊறவைத்த வெந்தயத்தை நைசாக அரைத்து ஒரு கரண்டி சேர். அதுவும் நல்ல வெயில் காயும் நாளில் மட்டும்.

அரைப்பதற்கு ஒரு பிடி ஊறிய தாளுக்கு முக்கால் ஜாடி தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் மிக்சியின் மோட்டார் சூடேறும். விட்டுவிட்டு ஓட்டு. மாவு போல நைசாக்காதே. அதிகம் அரைத்தால் நார் துண்டு துண்டாகிப் பிடிப்பு குறைந்துவிடும். ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் கூழும் நிறையத் தண்ணீரும் விட்டு வெளிச்சத்தில் காட்டிப் பார். கட்டி எதுவும் இல்லாமல் மேகம் போல மிதந்தால் பதம் சரி.

அப்படிக் காட்டும்போதுதான் ஒன்று கவனித்தேன். நீ பென்சிலில் எழுதிய வகுப்புகளின் கூழ் லேசான சாம்பல் நிறம். மைப்பேனா பிடித்த வருடங்களின் தாளை ஊறவைத்ததும் தண்ணீரே நீலமாகிவிட்டது, கூழ் வெளிறிய வானம் போல வந்தது. பால்பாயின்ட் மை கரையவில்லை, நீலப் பொட்டுகளாக அங்கங்கே நின்றது. மூன்றையும் கலக்க மனமில்லாமல் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்தேன்.

இனி வார்ப்பது. பிஸ்கட் வெட்டும் அச்சு இருந்தால் போதும். கம்பிச் சல்லடை மேல் மெல்லிய பருத்தித் துணியை விரித்து, அச்சை வைத்து, கூழைக் கரண்டியால் உள்ளே நிரப்பு. மூலைகளில் விரலால் குத்தி இறக்கு, நட்சத்திரத்தின் முனைகள்தான் எப்போதும் பலவீனம். பாதி நிரப்பியதும் பருத்தி நூலை வளையமாக்கி, அதன் முடிச்சு உள்ளே இருக்கும்படி படுக்க வைத்து, மீதிக் கூழை மேலே போடு. காய்ந்த பிறகு இழுத்துப் பார், நூல் அறுந்தாலும் அறுமே தவிர வெளியே வராது. ஓட்டை குத்தி நூல் கோப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஓட்டையின் ஓரம் என்றைக்காவது கிழியும்.

பிறகு ஸ்பாஞ்சு. மேலே வைத்து மெதுவாக அழுத்து, உறிஞ்சியதைப் பிழிந்துவிட்டு மறுபடி வை. நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும். ஏழெட்டு முறை ஆன பிறகு ஸ்பாஞ்சில் தண்ணீர் வருவது நிற்கும். அப்போது ஒரு இலையை, நரம்புப் பக்கம் கீழே வருமாறு வைத்து உள்ளங்கையால் அழுத்தி எடு. நடு நரம்பிலிருந்து பிரியும் கிளை நரம்பு வரை அப்படியே பதிந்திருக்கும். பின்னல் துணியை வைத்து அழுத்தினாலும் அழகாக இருக்கும், ஆனால் எனக்கு இலைதான் பிடித்தது. கால் சென்டிமீட்டரிலிருந்து அரை சென்டிமீட்டர் வரை தடிமன் போதும். அதற்கு மேல் போனால் மேல்பரப்பு காய்ந்து நடுவில் ஈரம் தங்கிவிடும்.

காயவைப்பதில் பொறுமை வேண்டும். வெறும் தட்டில் வைத்தால் மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், தொங்கல் கிண்ணம் போல வளைந்துவிடும். கம்பி வலை மேல் வை, சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடு. பாதி காய்ந்ததும் இரண்டு துணிகளுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகத்தை ஏற்று. நான் பைண்டிங் பிரஸ்ஸிலேயே வைத்தேன், கண்ணாடி போலச் சமமாக வந்தது. ஒன்றிரண்டு நாள், குளிர் அதிகமென்றால் மூன்று நாளும் ஆகும். காய்ந்ததா என்று கையால் பார்த்தால் ஏமாந்துவிடுவாய். கன்னத்தில் வைத்துப் பார். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. முழுவதும் காய்ந்ததை நகத்தால் தட்டினால் மெல்லிய பலகை போல டக்கென்று கேட்கும்.

நிறம் வேண்டுமென்றால் நிறத் தாளையே கூழாக்கு. சிவப்பு உறை, பச்சை அட்டை என்று தனித்தனியாக அரைத்து, அச்சுக்குள் பக்கம் பக்கமாக நிரப்பினால் எல்லைக்கோட்டில் நார்கள் கலந்து அழகாக நிற்கும். மஞ்சள் தூளின் நிறம் முதலில் பிரமாதமாக இருக்கும், வெயில் படும் ஜன்னலில் தொங்கவிட்டால் சீக்கிரமே வெளுத்துவிடும். தேயிலை டிகாக்ஷன் தரும் பழுப்பு அதைவிட நிற்கும்.

மினுமினுப்புத் தூளை மட்டும் வாங்காதே மகளே, இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். கடைகளில் பெரும்பாலும் விற்பது பொடிப்பொடியான பிளாஸ்டிக். உதிர்ந்தால் பொறுக்கவும் முடியாது, மக்கவும் செய்யாது. ஐரோப்பிய ஒன்றியம் உதிரி பிளாஸ்டிக் மினுக்குத் தூள் விற்பனைக்கு 2023 அக்டோபரில் தடை கொண்டுவந்தது. அக்ரிலிக் பெயின்டும் வார்னிஷும்கூட பிளாஸ்டிக் படலம்தான். நாள் முழுக்கப் பாடுபட்டு மண்ணுக்குத் திரும்பக்கூடிய ஒரு பொருளைச் செய்துவிட்டு, கடைசி நிமிடத்தில் அதன் வழியை நாமே அடைக்கலாமா?

சின்னவன் விதை போட வேண்டும் என்று அடம்பிடிக்கிறான் என்றாய். போடட்டும். சிறிய, தட்டையான விதையாக இருக்க வேண்டும். மிக்சியில் போடக் கூடாது, கூழைப் பிழிந்த பிறகு கடைசியில் தூவிக் கலக்க வேண்டும். அந்தத் தொங்கல்களை மட்டும் மெல்லியதாகச் செய்து, மின்விசிறிக்கு அடியில் சீக்கிரம் காயவைத்துவிடு. இல்லாவிட்டால் தொங்கவிடும் முன்பே முளைத்துவிடும். அடுப்பு, மின்சார ஓவன் பக்கமெல்லாம் கொண்டுபோகாதே, சூட்டில் விதை செத்துவிடும். உங்கள் பக்கத்து மண்ணில் இயல்பாக வளரும் செடியின் விதையாகப் பார்த்து எடு. விழா முடிந்ததும் அவன் கையாலேயே தண்ணீரில் நனைத்து மண்ணில் புதைக்கட்டும்.

கூழ் கலந்த தண்ணீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதே. இங்கே ஒருநாள் அப்படி ஊற்றி, குழாய் அடைத்து, ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று. துணியில் வடிகட்டி, அதே தண்ணீரை அடுத்த தடவைக்குப் பயன்படுத்து. மிஞ்சிய கூழை இறுகப் பிழிந்து உருண்டையாக்கிக் காயவைத்தால் அடுத்த வருடம் வரை கெடாது, ஊறவைத்தால் மறுபடி கூழ். உடைந்த தொங்கலையும் அப்படியே கரைத்து வார்க்கலாம். ஒவ்வொரு முறையும் நார் கொஞ்சம் குட்டையாகும். ஆலைகளில் ஐந்து முதல் ஏழு தடவை வரை தாங்கும் என்பார்கள். புதிய அட்டைக் கூழ் கொஞ்சம் சேர்த்தால் பிடிப்பு திரும்பும். மெழுகுவர்த்தி பக்கத்தில் மட்டும் இவற்றைத் தொங்கவிடாதே. என்ன இருந்தாலும் காகிதம்.

சீனாவில் கி.பி. 105இல் காய் லுன் அரசவையில் காகிதம் செய்யும் முறையைச் சொன்னபோது, மரப்பட்டையோடும் சணலோடும் கந்தல் துணியையும் பழைய மீன்வலையையும் மூலப்பொருளாகச் சொன்னதாக வரலாறு இருக்கிறது. அச்சடித்த தாளிலிருந்து மையை நீக்கி மறுபடி தாள் செய்யும் வழியை 1774இல் ஜெர்மனியில் யுஸ்டஸ் கிளாப்ரோத் என்ற சட்ட அறிஞர் எழுதி வெளியிட்டார். சின்னவன் கூழைப் பிசையும்போது அந்த மீன்வலைக் கதையைச் சொல். அவன் வயதில் நீயாக இருந்தால் எத்தனை மீன் பிடித்த வலை என்று கேட்டிருப்பாய்.

இருபத்து மூன்று தொங்கல்கள் அனுப்பியிருக்கிறேன். பார்சல் மெத்தைக்கும் கசக்கிய தாளையே வைத்திருக்கிறேன், அதையும் ஊறவைத்துவிடு. பெட்டியின் அடியில் துணியில் சுற்றிய நட்சத்திரம் ஒன்று இருக்கும். அந்தக் கூழைக் கொஞ்சம் குறைவாகவே அரைத்தேன். அதன் வலது முனைக்குப் பக்கத்தில், நகம் அளவு தாள் ஒன்று கரையாமல் நின்றுவிட்டது. பென்சில் எழுத்து தண்ணீருக்கு அழியாது அல்லவா? அதில் ஒரு ‘ழ’ இருக்கிறது. கீழ்ச் சுழியை இரண்டு முறை சுற்றிப் போடுவாயே, அதே ‘ழ’.

பெட்டியில் இன்னும் மூன்று நோட்டுகள் இருந்தன. உனக்கு அம்மா எழுத்துப் பழக்கிய நான்கு கோட்டு நோட்டுகள். ஒரு வரி அவள் கை, அடுத்த வரி உன் கை. நான் தண்ணீர் வாளியைக் கொண்டுவந்தபோது அவள் எதுவும் சொல்லவில்லை. மூன்றையும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். நீ என்ன சொல்கிறாய்? ஊறவைக்க வேண்டாமென்றால், தையல் விட்டுப்போன பக்கங்களைச் சேர்த்துத் தைத்து, காலிகோ என்ற பைண்டிங் துணியில் முதுகு போட்டு ஒரே புத்தகமாகக் கட்டி அனுப்புகிறேன். நூலும் ஊசியும் எடுத்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா