மின்வேதி உணரி ஆய்வேடுகளை மதிப்பிடும் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு வணக்கம்.

ஒரு வேதிப்பொருளின் அளவை மின்னோட்டமாகக் காட்டும், உலோக நானோ துகள்களால் ஆன மின்வேதி உணரிகளைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடுகள் உங்கள் மேசைக்கு வரும்போது, “உயிருள்ள செல்களில் அளவிட்டோம்” என்னும் கூற்றை இன்னும் கண்டிப்புடன் சோதிக்க வேண்டுகிறேன்.

நிக்கல், தாமிர ஆக்சைடு துகள்கள் நொதியின் துணையின்றியே குளுக்கோசை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. ஆனால் அது பெரும்பாலும் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில், அதாவது கடும் காரத்தன்மை கொண்ட பிஎச் 13 அளவில் காட்டப்படுகிறது. பிஎச் 7.4இல் வாழும் நம் உடற்செல்கள் அதில் பிழைக்கமாட்டா. அத்தகைய ஆய்வேட்டின் தலைப்பில் செல்லுக்கு இடமில்லை.

என்னை அதிகம் கவலைப்படுத்துபவை ஹைட்ரஜன் பெராக்சைடு அளவீடுகளே. போர்பால் எஸ்டர் என்னும் தூண்டியைச் சேர்த்ததும் மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் தூண்டப்படுகின்றன, பிளாட்டினம் துகள் பூசிய மின்முனையில் மின்னோட்டம் ஏறுகிறது, உடனே அந்த ஏற்றம் முழுவதும் பெராக்சைடின் கணக்கில் எழுதப்படுகிறது. பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்தபோது மின்னோட்டம் இறங்கியதா, செல்களே இல்லாத ஊடகத்தில் அதே தூண்டியைச் சேர்த்தபோது என்ன நடந்தது என்று வாய்மொழித் தேர்வில் தவறாமல் கேளுங்கள். உயர் மின்னழுத்தத்தில் அஸ்கார்பிக் அமிலமும் யூரிக் அமிலமும் சேர்ந்தே வினைபுரியும். பாரிசில் கிறிஸ்தியான் அமாத்தோர் குழுவினர் பிளாட்டினம் படியவைத்த கார்பன் இழை நுண்மின்முனையை ஒற்றை மேக்ரோஃபேஜின் அருகே நிறுத்தி, 300, 450, 650, 850 மில்லிவோல்ட் என நான்கு மின்னழுத்தங்களில் அளந்துதான் பெராக்சைடையும் பெராக்சிநைட்ரைட்டையும் நைட்ரிக் ஆக்சைடையும் நைட்ரைட்டையும் பிரித்தறிந்தார்கள். அந்தப் பொறுமையை நம் மாணவர்களும் பழக வேண்டும். மின்முனையில் பூசப்படும் புருசியன் நீலம் என்னும் இரும்புச் சேர்மம் சுழி வோல்ட்டுக்கு அருகிலேயே வேலை செய்வதால் இந்தக் குறுக்கீடுகள் குறையும் என்பது சரியே. ஆனால் அது நடுநிலைக் கரைசலில் மெல்லக் கரையக்கூடியது என்பதால், செல் அளவீடு முடிந்த பின்னும் அதே ஊடகத்தில், தெரிந்த செறிவுகளைக் கொண்டு உணரியைச் சரிபார்க்கும் அளவுத்திருத்தத்தை மறுபடி செய்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

வெள்ளித் துகள்களைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றிலிருந்து வெளியேறும் அயனிகள் செல்லுக்கு நஞ்சு. நஞ்சுண்ட செல் தானே பெராக்சைடைப் பெருக்கும். உணரி தான் விளைவித்த சேதத்தையே அளந்துகொண்டிருக்கக்கூடும் என்பதால், செல்களின் உயிர்ப்பைக் காட்டும் சோதனை அளவீட்டு நேரம் முழுவதற்கும் தேவை.

இதில் மாணவர்களை நான் குறைகூறவில்லை. செல் வளர்ப்பு வசதி இல்லாத வேதியியல் துறைகள் பல. அங்கிருந்து வரும் மாணவர், தம் உணரி குருதிச் சீரத்தில் நம்பகமாக இயங்குகிறது என்று மட்டும் நிறுவி, தலைப்பிலும் அதையே எழுதியிருந்தால், அந்த ஆய்வேட்டைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மின்வேதியியல் ஆய்வாளர் ஒருவர்